எதற்குள் வளைகிறது?

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்க மேடையில் "ஐன்ஸ்டைன் கண்ட வளைந்த வெளி" என்னும் தலைப்பில் நான் கால் மணி நேரம் பேசியது உங்களிற் சிலருக்கு நினைவிருக்கலாம். நண்பர்கள் நால்வர் நான்கு முனைகளையும் பிடித்துக்கொள்ள, ரப்பர் விரிப்பு ஒன்றின் நடுவே இரும்புக் குண்டை வைத்தேன். விரிப்புக் குழிந்தது. ஓரத்திலிருந்து ஒரு கோலியை உருட்டிவிட்டேன். அது குண்டைச் சுற்றிச் சுற்றி வந்து, முடிவில் அதன்மேல் மோதி நின்றது. "ஈர்ப்பு என்பது இதுதான்! சூரியன் வெளியைக் குழியச் செய்கிறான், பூமி அக்குழியில் உருள்கிறது" என்றேன். நல்ல கைதட்டல். எனக்கும் பெருமைதான்.

அப்பொழுது வரலாறு முதலாண்டு பயிலும் தங்கை ஒருவர் எழுந்தார். "அண்ணா, விரிப்புக் கீழே குழிந்ததைப் பார்த்தோம். கீழே இடமிருந்தது, குழிந்தது. வெளி என்றால் எல்லா இடமும் சேர்ந்ததுதானே? எல்லா இடமும் வளைகிறது என்றால், அது எதற்குள் வளைகிறது?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல், "அதற்கெல்லாம் டென்சார் கணிதம் படிக்கவேண்டும் அம்மா, வரலாற்றுப் புத்தகத்தில் இராது" என்றேன். சபை சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் இரண்டு மாதம் சங்கக் கூட்டம் எதற்கும் அவர் வரவில்லை.

மலருக்கு ஓர் அறிவியற் கட்டுரை வேண்டுமென்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, வேறு பொருள் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அன்று கைதட்டியவர்களுக்கும், சிரித்தவர்களுக்கும், முக்கியமாக அத்தங்கைக்கும் நான் ஒரு திருத்தம் கடன்பட்டிருக்கிறேன்.

எங்கள் விடுதியின் மொட்டை மாடியில் சனிக்கிழமை மாலைகளில் ஐந்தாறு பேர் கூடுவது வழக்கம். இவ்வூரார் இத்தகைய கூட்டத்தை 'அட்டா' என்பார்கள். (ரொட்டிக்குப் பிசையும் மாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) கணிதம் பயிலும் வங்காள நண்பர் ஒருவர், வானவியலில் பித்துக்கொண்ட மலையாளி ஒருவர், பொறியியல் மாணவர்கள் இருவர், பௌதிகம் பயிலும் நான். மண் குவளைத் தேநீர் ஆறும்வரை கிரிக்கெட், ஆறியபின் ஐன்ஸ்டைன். பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை, மேடையில் நடந்ததை நான் கொஞ்சம் தமாஷாகவே சொன்னேன். வங்காள நண்பர் சிரிக்கவில்லை. "அந்தக் கோலி ஏன் குழிக்குள் இறங்கியது?" என்று கேட்டார்.

"குழி சரிவாக இருப்பதால்."

"சரிவாயிருந்தால் ஏன் இறங்கவேண்டும்? கீழே பூமி இழுப்பதால்தானே? ஈர்ப்பை விளக்கும் பொம்மைக்கு அடியில் ஈர்ப்பையே மறைத்து வைத்துவிட்டு, விளக்கிவிட்டேன் என்கிறாய். அந்தப் பெண் கேட்டதுதான் சரியான கேள்வி."

நான் வாயடைத்துப் போனேன். எம்.எஸ்ஸி. இரண்டாமாண்டில் சமன்பாடுகளை வரிசையாக எழுதத் தெரிந்த எனக்கு, அவற்றின் அடிப்படையில் இருக்கும் ஓர் எளிய கருத்து விளங்கவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அக்கருத்து எனக்கு விளங்க உதவியவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தாத்தா. அவர் தாலுகா சர்வேயருக்குக் கீழே பல்லாண்டுகள் சங்கிலி பிடித்தவர். ஞாயிறுதோறும் ஆலந்தூர் வீட்டிற்குத் தொலைபேசியில் பேசுவேன். பேச்சுவாக்கில் இச்சங்கடத்தையும் சொன்னேன். வெளியில் நின்று பார்க்க முடியாத ஒன்றின் வடிவத்தை எப்படி அறிவது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை என்றேன். "ஏண்டா, குளத்தை அளக்கறதுக்கு நாங்க வானத்துலயா ஏறி நின்னோம்? கரையைச் சுத்தி நடந்து, சங்கிலி போட்டுத்தானே அளந்தோம்? வடிவம் தானா காகிதத்துல வந்துடும்" என்றார்.

அவர் சொன்னது சாதாரண விஷயம். ஆனால் இதே விஷயத்தைத்தான் 1827ஆம் ஆண்டில் கௌஸ் என்னும் ஜெர்மானியக் கணித மேதை ஒரு தேற்றமாக நிறுவினார். அவரும் ஹானோவர் நாட்டில் நில அளவைப் பணியில் ஈடுபட்டவரே என்பது கவனிக்கத்தக்கது. ஒரு பரப்பு வளைந்திருக்கிறதா, எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை, அப்பரப்பை விட்டு இம்மியும் வெளியேறாமல், அதன்மேலேயே நீளங்களையும் கோணங்களையும் அளந்து கண்டுவிடலாம் என்பதே அத்தேற்றத்தின் சாரம்.

வீட்டுப் பொருள்களைக்கொண்டு இதனைப் பார்ப்போம். கோரைப்பாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் விரித்த பாயின்மேல் சுண்ணக்கட்டியால் ஒரு முக்கோணம் வரைந்து, பிறகு பாயைச் சுருட்டுங்கள். பாய் வளைந்துவிட்டது என்று நம் கண் சொல்லும். ஆனால் முக்கோணத்தின் பக்கங்கள் நீளவில்லை, குறுகவில்லை, கோணங்களும் மாறவில்லை. பாயின்மேல் ஊரும் ஓர் எறும்பு எத்தனை முறை அளந்தாலும், மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையாகவே இருக்கும். எறும்பைப் பொறுத்தவரை பாய் தட்டைதான். சுருட்டியது நம் கண்ணுக்கு மட்டுமே.

இனி ஒரு குடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வயிற்றின்மேல் காகிதத்தை எவ்வளவு திறமையாக ஒட்டினாலும் சுருக்கம் விழுந்தே தீரும். அங்கே வரையும் முக்கோணத்தின் கோணங்கள் கூடி 180 பாகைக்கு மேற்படும். ஒரு புள்ளியிலிருந்து நூலைப் பிடித்து வட்டம் போட்டால், சுற்றளவு பள்ளிக்கூடத்தில் படித்த வாய்பாட்டைவிடக் குறையும். நம் பூமியிலேயே வட துருவத்தில் முளையடித்து, தரையோடு தரையாக 1000 கிலோமீட்டர் கயிறு பிடித்து வட்டமிட்டால், அதன் சுற்றளவு வாய்பாட்டின்படி 6283 கிலோமீட்டர் இருக்கவேண்டும். இருப்பதோ அதற்கு ஏறத்தாழ 26 கிலோமீட்டர் குறைவு.

மூன்றாவது வகைக்கு வீட்டிலிருந்து பார்சலில் வரும் அப்பளம் உதவும். எண்ணெயிலிட்டதும் அதன் ஓரம் நடுவைக் காட்டிலும் மிகுதியாக விரிகிறது. இடம் போதாமல் மேலும் கீழுமாக நெளிகிறது. அங்கே சுற்றளவு வாய்பாட்டைவிட மிகும். முக்கோணத்தின் கோணங்கள் 180க்குக் குறையும். குதிரைச் சேணத்தின் வடிவமும் இதுவே.

பாய், குடம், அப்பளம். இம்மூன்றையும் எறும்பு அளந்தே வேறுபடுத்திவிடும். மேலே எழும்பிப் பார்க்கவேண்டிய தேவை அதற்கில்லை. ஆகவே, "வளைவு" என்று கணித நூலார் சொல்வது, ஒரு பொருள் இன்னொரு பெரிய இடத்திற்குள் குழிந்து கிடக்கும் நிலையை அன்று. உள்ளே அளக்கும் நீளங்களும் கோணங்களும் யூக்ளிடின் கணக்கோடு ஒத்துப் போகாமையையே அச்சொல் குறிக்கிறது. வெளி வளைகிறது என்றால், அது எதற்குள்ளும் வளையவேண்டியதில்லை. தங்கையின் கேள்விக்கு விடை இவ்வளவுதான். மேடையில் இதை இரண்டே நிமிடத்தில் சொல்லியிருக்கலாம், தெரிந்திருந்தால்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று என்பதற்குச் சான்று எங்கள் ஊரிலும் இவ்வூரிலும் ஒருங்கே இருக்கிறது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலையருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். அக்கோட்டின்மேல் ஒரு முக்கோணம், அதன்மேல் இன்னொன்று எனத் தொடுத்துக்கொண்டே சென்று இந்தியா முழுவதையும் அளந்த மாபெரும் பணிக்கு அது தொடக்கம். கோணங்களை அளந்த தியோடலைட் அரை டன் கனம். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தின்மேல் அதனை ஏற்றுகையில் கயிறறுந்து சுவரில் மோதி அதன் வட்டம் நெளிந்துபோக, லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தட்டிச் சரிசெய்தார் என்பது வரலாறு. இம்முக்கோணச் சங்கிலியின் கிளையொன்று கொல்கத்தாவையும் எட்டியது. பாரக்பூர் டிரங்க் சாலையில் அதற்கென 1831இல் எழுப்பிய கோபுரம் இன்றும் நிற்கிறது. ஒரு ஞாயிறன்று நாங்கள் ஐவரும் அதைப் போய்ப் பார்த்தோம். பேருந்தும் ஆட்டோவும் இரைந்துகொண்டிருக்க, சாலையோரத்தில் ஐந்தாறு மாடி உயரத்தில் பழைய செங்கற் கட்டடம். அண்ணாந்து பார்ப்பவர் எவருமில்லை. ஆலந்தூரில் என் வீட்டு மாடியிலிருந்து தெரியும் மலைக்கும் இக்கோபுரத்திற்கும் முக்கோணங்களாலேயே உறவு உண்டு என்று எண்ணியபோது, வீட்டு நினைவு கொஞ்சம் வந்தது என்பதை மறைப்பானேன்?

அம்முக்கோணங்களின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை வராது. பூமி குடத்தைப் போன்றதாகையால் சற்று மிகும். ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விகலை வீதம் மிகும். விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு. ஒரு ரூபாய் நாணயத்தை நாலு கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால் அது நம் கண்ணில் அடைக்கும் கோணம் அவ்வளவே. பக்கத்திற்கு 50 கிலோமீட்டர் கொண்ட முக்கோணத்தில் மிகுதி சுமார் ஐந்தரை விகலை. சர்வேயர்கள் ஒவ்வொரு முக்கோணத்திலும் இதனைக் கணக்கிட்டுச் சரிசெய்தார்கள். பூமி உருண்டை என்பதை அவர்கள் விண்ணிலேறிப் பார்க்கவில்லை. தரையில் நின்று அளந்த அளவுகளிலேயே அது வெளிப்பட்டது. தாத்தாவின் தாலுகா வரைபடத்தில் இம்மிகுதி தென்படாது. சிறு நிலத்தில் அது அளவைப் பிழைக்குள் மறைந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

கௌஸ் பரப்புகளுக்குச் சொன்னதை மூன்று, நான்கு, எத்தனை பரிமாணமாயினும் பொருந்துமாறு விரித்தவர் அவருடைய மாணவர் ரீமான். 1854இல் அவர் நிகழ்த்திய சொற்பொழிவில் இது வெளிப்பட்டது. அறுபதாண்டு காலம் அது கணித வல்லாரின் சொத்தாகவே கிடந்தது. ஐன்ஸ்டைனுக்கு அது தேவைப்பட்டபோது, அவருடைய கல்லூரித் தோழர் கிராஸ்மான் அதனைச் சுட்டிக்காட்டினார். 1915 நவம்பரில் பொதுச் சார்புக் கொள்கை முழு வடிவம் பெற்றது.

ஈர்ப்புக்கும் வளைவுக்கும் என்ன உறவு? இருவர் நிலநடுக்கோட்டில் 100 கிலோமீட்டர் இடைவெளியில் நின்று, இருவருமே நேர் வடக்கே நடக்கத் தொடங்குகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் இம்மியும் திரும்பவில்லை. ஆனால் சென்னையின் அட்சரேகையை எட்டும்போது அவர்களிடையே 97 கிலோமீட்டர்தான் இருக்கும்; கொல்கத்தாவின் அட்சரேகையில் 92. ஏதோ ஒரு விசை எங்களை நெருங்க வைக்கிறது என்று அவர்கள் எண்ணக்கூடும். விசை ஏதுமில்லை, பூமியின் வளைவே காரணம்.

இனி, விக்டோரியா நினைவு மண்டபத்தின் உச்சியிலிருந்து, 56 மீட்டர் உயரத்தில், பத்து மீட்டர் இடைவெளியில் இரு கற்களை ஒரே நேரத்தில் விடுவோம். காற்றின் தடையை மறந்துவிடுங்கள். இரண்டும் பூமியின் மையத்தை நோக்கியே விழுவதால், தரையைத் தொடும்போது அவற்றின் இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கியிருக்கும். அந்த மெல்லிய சுருக்கம்தான் உண்மையான ஈர்ப்பு என்றார் ஐன்ஸ்டைன். தனியாக விழும் கல் எந்த விசையையும் உணர்வதில்லை. அது நேராகவே செல்கிறது. இரண்டு நேர்ப்பாதைகள் நெருங்குகின்றன என்றால் அவை செல்லும் களம் வளைந்திருக்கிறது. அந்தக் களம் வெறும் வெளியன்று. வெளியும் காலமும் பின்னிய நான்கு பரிமாணக் களம். நம் இரு பயணிகள் வடக்கே நடந்ததுபோல, இரு கற்களும் காலத்தில் நடக்கின்றன.

என் ரப்பர் விரிப்பு கைவிட்டது இந்தக் காலத்தைத்தான். அன்றாட ஈர்ப்பில் பெரும்பகுதி காலத்தின் கணக்கில் வருவதே. எறிந்த பந்தின் பாதை நன்றாக வளைகிறது, துப்பாக்கிக் குண்டின் பாதை நேராகப் போகிறது; ஒரே வளைவு இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும் என்று பொறியியல் நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. கணக்குப் போட்டோம். ஐந்து மீட்டர் உயரம் போய்த் திரும்பும் பந்துக்கு இரண்டு விநாடி ஆகிறது. அந்நேரத்தில் ஒளி ஆறு லட்சம் கிலோமீட்டர் செல்லும். காலத்தையும் நீளமாக மாற்றி வரைந்தால், பந்தின் பாதை ஆறு லட்சம் கிலோமீட்டர் நீளத்தில் ஐந்து மீட்டர் மட்டும் வில்லாக வளைந்த கோடு. விநாடிக்கு 500 மீட்டர் விரையும் குண்டு நூறு மீட்டரை 0.2 விநாடியில் கடக்க, அதன் வில் 60,000 கிலோமீட்டரில் ஐந்து சென்டிமீட்டர். இவ்விரு விற்களும் எந்த வட்டத்தின் பகுதிகள் என்று பார்த்தால், இரண்டுக்கும் ஆரம் ஒன்றே: கிட்டத்தட்ட ஓர் ஒளியாண்டு! விடை வந்தபோது மணி பதினொன்று. எவருக்கும் கீழே இறங்க மனமில்லை. (கண்டிப்பாகச் சொன்னால் வளைவது பந்தின் பாதையன்று, தரையால் தாங்கப்பட்டு நிற்கும் நம்முடைய பாதையே என்று வங்காள நண்பர் திருத்தினார். அவர் எப்போதும் இப்படித்தான்.)

காலம் இடத்துக்கிடம் வேறாக ஓடுவதை இப்போது நாம் ஒவ்வொருவரும் சட்டைப்பையில் சுமக்கிறோம். வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் கடிகாரம் நம் கடிகாரத்தை நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி முந்துகிறது. அதனைச் சரிசெய்யாவிட்டால், ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தொலைவுக் கணக்குப் பிசகும்.

வெளியின் வளைவு தனியே தெரியவேண்டுமானால் ஒளியைப் பார்க்கவேண்டும். சூரியனை உரசி வரும் விண்மீன் ஒளி 1.75 விகலை திரும்பவேண்டும் என்பது ஐன்ஸ்டைனின் கணக்கு. அதிற் பாதி காலத்தின் பங்கு. மறுபாதி வெளியின் பங்கு. 1919 மே 29ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தின்போது ஆப்பிரிக்கக் கரையோரப் பிரின்சிபே தீவிலும் பிரேசிலிலும் எடுத்த படங்கள் முழு அளவையே ஆதரித்தன. மறு ஆண்டே இந்நகரில் மேகநாத சாகாவும் சத்தியேந்திரநாத போசும் ஐன்ஸ்டைனின் கட்டுரைகளை ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்க்க, கல்கத்தாப் பல்கலைக்கழகம் நூலாக வெளியிட்டது. அப்போது இருவருக்கும் முப்பது வயது நிரம்பவில்லை.

இந்நகரின் இன்னொரு பெயரையும் சொல்லாமல் விட முடியாது. அமல் குமார் ராய்சௌதுரி, அதிக வசதியோ புகழோ இல்லாத சூழ்நிலையில் இங்கே பணிபுரிந்துகொண்டு, 1955இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். விழும் கற்கள் இரண்டல்ல, ஒரு கற்றை என்று வைத்துக்கொண்டால், அக்கற்றை காலப்போக்கில் எப்படிச் சுருங்கும் அல்லது விரியும் என்பதை அச்சமன்பாடு சொல்கிறது. சாதாரணப் பொருளுள்ள இடத்தில் கற்றை குவியவே செய்யும். இதனை அடியாகக்கொண்டே பென்ரோஸும் ஹாக்கிங்கும் 1965 முதல், கருந்துளையின் உள்ளும் அண்டத்தின் தொடக்கத்திலும் நேர்ப்பாதைகள் மேற்கொண்டு செல்ல வழியின்றி முடிந்துவிடும் என்று நிறுவினர். பென்ரோஸுக்கு 2020இல் நோபெல் பரிசு கிடைத்தபோது ராய்சௌதுரி மறைந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி அண்டம் முழுவதற்கும் வருவோம். அது பாயா, குடமா, அப்பளமா? இக்கேள்வியைக் கணக்காக்கிக் காட்டியவர் 1922இலும் 1924இலும் எழுதிய ரஷ்யர் ஃபிரீட்மன். விடை காண ஒரு பெரிய முக்கோணம் வேண்டும். அந்த முக்கோணம் இயற்கையிலேயே கிடைக்கிறது. அண்டம் தோன்றி ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் வரை அது கொதிக்கும் மூட்டமாக இருந்தது. அம்மூட்டத்தில் ஒலி அலைகள் ஓடின. மூட்டம் கலைந்ததும் வெளிப்பட்ட ஒளி இன்று நுண்ணலைகளாக வானெங்கும் நிறைந்திருக்கிறது. 1965இல் அது கண்டறியப்பட்டது. அவ்வொளியில் சற்றே வெப்பம் கூடியும் குறைந்தும் தெரியும் திட்டுகள் உள. ஒலி அதுவரை ஓடியிருக்கக்கூடிய தூரம் நமக்குத் தெரியும். அதுவே முக்கோணத்தின் அடி. 1380 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த இரண்டு ஒளிக்கதிர்கள் அதன் பக்கங்கள். உச்சியில் நாம்.

வெளி பாய் போலிருந்தால் அத்திட்டு வானில் ஏறத்தாழ ஒரு பாகை அகலம், அதாவது இரண்டு முழுநிலவை ஒட்டிவைத்த அளவு, தெரியவேண்டும். குடமானால் பெரிதாகத் தெரியும்; அப்பளமானால் சிறுத்துத் தெரியும். அண்டார்க்டிக்காவில் பலூனில் பறந்த பூமராங் கருவி தந்த முடிவு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது: ஒரு பாகை. பின்னர் டபிள்யூமேப், பிளாங்க் ஆகிய விண்கலங்களும் இதனையே மேலும் நுட்பமாகச் சொல்லின. பிளாங்கின் 2018ஆம் ஆண்டு முடிவை விண்மீன் திரள்களின் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், வளைவின் பங்கு ஆயிரத்தில் சில பங்குக்கு மேற்படாது.

வெளி தட்டை என்றதும், பிறகு வளைவு எங்கே போயிற்று என்று கேட்பார்கள். தட்டையாக இருப்பது வெளி மட்டுமே. வெளியும் காலமும் சேர்ந்த களம் வளைந்தே இருக்கிறது. விண்மீன் திரள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்வதே அவ்வளைவின் அறிகுறி. அவ்விலகலின் வேகம் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது என்பது 1998இல் தெரியவந்தது. ராய்சௌதுரி சமன்பாட்டில் குவிக்கும் உறுப்புகளுக்கு எதிராக விரிக்கும் உறுப்பு ஒன்று மேலோங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். அதனை இருள் ஆற்றல் என்கிறார்கள். அதன் இயல்பு எவருக்கும் விளங்கவில்லை.

தட்டை என்பதிலும் தாத்தாவின் தாலுகாவை மறக்கக்கூடாது. பூமி உருண்டைதான், ஆயினும் அவர் அளந்த நிலங்கள் தட்டையாகவே கணக்கில் வந்தன. அதுபோல், அண்டம் குடமேயானாலும், அக்குடத்தின் ஆரம் போதிய அளவு பெரிதானால், நம் கருவிகளுக்கு அது பாயாகவே தெரியும். நாம் அளந்திருப்பது ஒரு தாலுகாவா, முழு உலகமா என்பதைத் தியோடலைட் சொல்லாது.

இவ்வளவையும் எழுதி முடித்து, அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தத் தங்கையைத் தேடிப்போய், நூலக வாசலில் கையெழுத்துப் படியைக் கொடுத்தேன். அன்று மேடையில் பேசியது தவறு, மன்னிக்கவேண்டும் என்றேன். "பரவாயில்லை அண்ணா" என்று வாங்கிக்கொண்டார். மறுநாள் படித்துவிட்டு வந்தார்; பாய் பற்றிய பகுதியில் பென்சிலால் ஒரு கோடு.

"சுருட்டின பாயும் எறும்புக்குத் தட்டைதான்னு எழுதியிருக்கீங்க. அப்படின்னா அண்டம் தட்டைன்னு அளந்தாலும், அது சுருண்டு வந்து தன்னோடேயே சேர்ந்திருக்கலாமே? எறும்பு நேரா நடந்தா புறப்பட்ட இடத்துக்கே வந்துடுமே?"

அன்று மாலை மொட்டை மாடிக்கு அவரையும் அழைத்தோம். அவர் சொன்னது சரிதான். கைப்பேசிப் பாம்பு விளையாட்டில் வலப்பக்கம் வெளியேறும் பாம்பு இடப்பக்கம் நுழைகிறதல்லவா? அந்தத் திரை தட்டை. ஆனால் விளிம்பில்லை, முடிவிலியுமன்று. அண்டமும் அவ்வாறிருப்பதை ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் தடுக்கவில்லை. கோணங்களை அளப்பதால் அதனைக் கண்டுபிடிக்கவும் முடியாது. நாம் காணும் எல்லைக்குள் அது சுருண்டிருந்தால், நுண்ணலை வானத்தில் வெவ்வேறு திசைகளில் ஒரே மாதிரியான வட்டங்கள் இணையிணையாகத் தென்படவேண்டும். டபிள்யூமேப், பிளாங்க் படங்களில் அத்தகைய வட்டங்களைத் தேடினார்கள், இதுவரை அகப்படவில்லை. சுருள் நம் பார்வையைவிடப் பெரிதாயிருந்தால் அகப்படவும் மாட்டாது.

"அப்போ வட்டம் கிடைக்கலைங்கிறதால சுருளே இல்லைன்னு சொல்ல முடியாது" என்றார் அவர். வரலாற்றில் கல்வெட்டுக் கிடைக்காத அரசர்களைப் பற்றியும் இப்படித்தான் எழுதுவார்களாம். வங்காள நண்பர் தமக்கு வந்த தேநீரை அவரிடம் நீட்டினார். அடுத்த சனிக்கிழமை அவ்வட்டங்களை எப்படித் தேடினார்கள் என்பதை எடுத்துக்கொள்வதாக இருக்கிறோம், விருப்பமுள்ளவர் வரலாம்.